உஷார்! ஐ.சி.யு.வில் இருக்கும் குழந்தையைக் குறிவைக்கும் இரண்டாவது நோய்

நிமோனியாவோ டெங்குவோ முற்றிப்போய்க் குழந்தையை ஐ.சி.யு.வில் சேர்க்கிறார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே கிடக்கிறார்கள் பெற்றோர். மூன்றாம் நாள், "பரவாயில்ல, தேறி வர்றான்" என்கிறார் டாக்டர். ஐந்தாம் நாள் மறுபடி காய்ச்சல் தூக்குகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. "இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சும்மா. ஆன்டிபயாடிக்கை மாத்தியிருக்கோம்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள்.

அந்த இன்ஃபெக்‌ஷன் எங்கிருந்து வந்தது? பெரும்பாலான பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை. ஏற்கெனவே இருந்த நோய்தான் முற்றிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் உண்மை வேறு. குழந்தை அதை வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. சிகிச்சைக்குச் சேர்த்த இடத்திலேயே அது தொற்றியிருக்கிறது.

முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுக் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் பயப்படாதீர்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஐ.சி.யு.தான் உயிர். அங்கே சேர்த்தபிறகு எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பது தெரியாமல் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த எச்சரிக்கை.

டெல்லி அடித்த அபாய மணி

மருத்துவமனையில் சேர்த்து 48 மணி நேரத்துக்குப் பிறகு புதிதாகத் தலைகாட்டும் தொற்றைப் பொதுவாக 'மருத்துவமனைத் தொற்று' என்ற கணக்கில் சேர்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, பணக்கார நாடுகளில் மருத்துவமனையில் சேரும் 100 பேரில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது வருகிறது. அப்படித் தொற்று வந்தவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். இது எல்லா வயதினருக்குமான பொதுக் கணக்கு. ஐ.சி.யு.வுக்குள் ஆபத்து இன்னும் அதிகம். அங்கே படுத்திருப்பது ஒரு கிலோ எடைகூட இல்லாத பச்சிளம் சிசு என்றால் கேட்கவே வேண்டாம்.

நம் நாட்டுக் குழந்தைகளின் நிலையைப் புரிந்துகொள்ள டெல்லி ஆய்வு ஒன்று போதும். எய்ம்ஸ், சஃப்தர்ஜங், மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்தது. அங்கேயே பிறந்து, அங்கேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளம் குழந்தைகளைக் கண்காணித்தார்கள். 2016-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் முடிவு வெளியானது.

நூற்றுக்கு 14 குழந்தைகளுக்குக் கிருமித் தொற்று உடம்பு முழுவதையும் பாதிக்கும் 'செப்சிஸ்' வந்திருந்தது. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் கிருமி உறுதியான குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. அதிகம் கிடைத்த கிருமிகள் மூன்று: அசினிட்டோபேக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அசினிட்டோபேக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ரகம். கிளெப்சியெல்லாவில் 54 சதவீதம்.

இதைவிடக் கலங்க வைக்கும் தகவல் ஒன்று அந்த ஆய்வில் உண்டு. செப்சிஸ் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு அது பிறந்த மூன்றே நாளுக்குள் வந்துவிட்டது. இத்தனை சீக்கிரம் வரும் தொற்றைத் தாயிடமிருந்து வந்தது என்றுதான் மருத்துவப் புத்தகங்கள் சொல்லும். ஆனால் இங்கே பிடிபட்டவை வார்டுகளில் வழக்கமாகத் திரியும், மருந்துகளுக்குப் பழகிப்போன கிருமிகள். பிரசவ அறையிலிருந்து, குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மருக்குப் போகும் அந்தச் சில மணி நேரத்திலேயே கிருமி குழந்தையைப் பிடித்திருக்கலாம் என்ற சந்தேகம் இதனால் வலுக்கிறது. நாட்டின் முதல் வரிசை மருத்துவமனைகளிலேயே இந்த நிலை என்றால், ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைக்கும் இடங்களைப் பற்றி என்ன சொல்ல?

குழாய் வழியே உள்ளே நுழைகிறது

ஐ.சி.யு.வில் இருக்கும் குழந்தையின் உடம்பைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கழுத்திலோ தொடையிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் ஒரு சென்ட்ரல் லைன். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் வென்டிலேட்டர் குழாய். மூக்கில் பால் இறக்கும் குழாய். சிறுநீருக்கு ஒரு குழாய். கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி. எல்லாமே உயிர் காக்கத்தான். ஆனால் தோல், இருமல், சிறுநீரின் ஓட்டம் என்று உடம்புக்கு இயற்கை போட்டிருக்கும் காவல் ஒவ்வொன்றையும் ஒரு குழாய் தாண்டிப் போகிறது.

தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பாசி பிடிப்பதுபோல இந்தக் குழாய்களின் சுவரில் கிருமிகள் ஒட்டி, மேலே ஒரு வழவழப்பான படலத்தைப் போர்த்திக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் போய்விட்ட கிருமியை மருந்து எளிதில் தொட முடியாது. ரத்தத்தில் இருப்பவை சாகும்; குழாயில் இருப்பவை மறுபடி ரத்தத்தில் இறங்கும். பல குழந்தைகளுக்கு லைனையே எடுத்தால்தான் காய்ச்சல் அடங்குவது இதனால்தான்.

குறைமாதக் குழந்தையின் தோல் இன்னும் முற்றியிருக்காது. பிளாஸ்டரை உரித்தாலே அதோடு வந்துவிடும். நோய் எதிர்ப்புச் சக்தியும் முழுமையாக வளர்ந்திருக்காது. பல நாள் ஓடும் ஆன்டிபயாடிக் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிட, காலியான இடத்தில் கிளெப்சியெல்லா போன்றவை குடியேறுகின்றன.

நகம், தண்ணீர்க் குழாய், கையுறை

கிருமி தானாக நடந்து வராது. பெரும்பாலும் யாராவது ஒருவரின் கைதான் அதைச் சுமந்து வருகிறது. சில நேரம் அது பதுங்கும் இடம் யாருமே சந்தேகப்படாத இடமாக இருக்கும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1997 ஜனவரி முதல் 1998 மார்ச் வரை சூடோமோனாஸ் கிருமி விடாமல் பரவியது. அந்தப் பதினைந்து மாதங்களில் சேர்ந்த 439 குழந்தைகளில் 46 பேரிடம் அந்தக் கிருமி காணப்பட்டது. அவர்களில் 16 பேர் இறந்தார்கள். விசாரித்தபோது, நீள நகம் வளர்த்திருந்த ஒரு நர்ஸ், செயற்கை நகம் ஒட்டியிருந்த இன்னொரு நர்ஸ் ஆகியோரின் கைகளில் அதே கிருமி இருந்தது. இந்தப் பரவலில் நகங்களுக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். கை கழுவினாலும் நகக்கண்ணுக்குள் இருப்பது அத்தனை எளிதில் போவதில்லை.

2011 டிசம்பரிலும் 2012 ஜனவரியிலும் வட அயர்லாந்தில் நான்கு பச்சிளம் குழந்தைகள் இதே சூடோமோனாஸால் இறந்தார்கள். மூன்று பேர் பெல்ஃபாஸ்ட் நகரின் ராயல் ஜூபிலி மகப்பேறு மருத்துவமனையில். தேடிப்போனபோது, கை கழுவும் தொட்டியின் தண்ணீர்க் குழாய்களுக்குள்ளேயே கிருமி கூடுகட்டி இருந்தது தெரியவந்தது. சுத்தத்துக்காக வைத்த இடமே கிருமியின் இருப்பிடமாகிவிட்டது.

நம் வார்டுகளில் அடிக்கடி கண்ணில் படுவது கையுறை. ஒரு படுக்கையில் சளியை உறிஞ்ச சக்‌ஷன் செய்த அதே கையுறையோடு மானிட்டர் பொத்தானை அழுத்துவார்கள், டிராயரைத் திறப்பார்கள், அடித்த செல்போனை எடுப்பார்கள், அடுத்த குழந்தையின் டிரிப்ஸைத் திருப்புவார்கள். கையுறை அவர்கள் கையைத்தான் காப்பாற்றும். அடுத்த குழந்தையைக் காப்பாற்றாது. குழந்தைக்குக் குழந்தை கையுறை மாற வேண்டும். கழற்றியதும் கையையும் சுத்தம் செய்ய வேண்டும்.

தடுக்க முடியும். செய்தே காட்டியிருக்கிறார்கள்

இதெல்லாம் விதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 29 குழந்தைகள் ஐ.சி.யு.க்கள் சேர்ந்து சென்ட்ரல் லைன் வழியாக வரும் ரத்தத் தொற்றைக் குறைக்க ஒரு முயற்சி எடுத்தன. 2010-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த அதன் முடிவுப்படி, அந்தத் தொற்று 43 சதவீதம் குறைந்தது. புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. புது மெஷினும் வாங்கவில்லை.

பெரியவர்களுக்கு லைன் போடும் நேரத்துச் சுத்தத்தால் தொற்று வெகுவாகக் குறையும். குழந்தைகளுக்கு அதோடு, போட்ட பிறகு தினமும் அதைப் பார்த்துக்கொள்ளும் விதம்தான் முக்கியம் என்பது இந்த முயற்சியில் தெளிவானது. ஊசி மருந்து ஏற்றும் முன் லைனின் வாய்ப்பகுதியை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்துக் காயவிடுவது, மேலே ஒட்டிய டிரெஸ்ஸிங் நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ உடனே மாற்றுவது, தேவையில்லாத லைனை அன்றைக்கே எடுத்துவிடுவது. இவ்வளவுதான். குழந்தைக்கு ஒரு நாளில் எத்தனையோ தடவை அந்த லைன் திறக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு ஒரு கதவு திறக்கிறது.

பெற்றோரே, இதையெல்லாம் கேளுங்கள்

"டாக்டர் கோவிச்சுக்குவாரோ, சிஸ்டர் குழந்தையைச் சரியாப் பாக்காம விட்டுடுவாங்களோ" என்ற பயத்தில்தான் நம் பெற்றோர் வாயை மூடிக்கொள்கிறார்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டரும் நல்ல நர்ஸும் கோபப்பட மாட்டார்கள். பல வார்டுகளில் 'எங்களிடம் கை கழுவினீர்களா என்று கேளுங்கள்' என்று அவர்களே போஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

ஒன்று: "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. கையில சானிடைசர் போட்டுட்டீங்களா?" யார் குழந்தையைத் தொட வந்தாலும் கேளுங்கள். பெரிய டாக்டர் ஆனாலும், ரத்தம் எடுக்க வரும் லேப் டெக்னீஷியன் ஆனாலும், எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வருபவர் ஆனாலும் கேளுங்கள். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி தேய்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டு: "டாக்டர், இந்தக் குழாய் இன்னிக்கும் தேவையா?" காலை ரவுண்ட்ஸில் தினமும் கேளுங்கள். சென்ட்ரல் லைன், வென்டிலேட்டர், சிறுநீர்க் குழாய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு நாள் முன்னதாக எடுக்கப்படும் ஒவ்வொரு குழாயும் ஒரு நாள் ஆபத்தைக் குறைக்கிறது.

இவற்றோடு வேறு சிலவற்றிலும் கண் வையுங்கள்.

• வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்தாலோ வீங்கினாலோ, பிளாஸ்டர் ஈரமானாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். நீங்களாகத் தொடாதீர்கள்.

• வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கு வாயைச் சுத்தம் செய்கிறார்களா, கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சில குழந்தைகளுக்குத் தலைப்பக்கத்தை உயர்த்தக் கூடாது என்பதால் நீங்களாகக் கட்டிலை மாற்ற வேண்டாம்.

• சிறுநீர்ப் பை எப்போதும் குழந்தையின் உடம்பைவிடத் தாழ்வாக, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும்.

• ஆன்டிபயாடிக் மாற்றும் முன் பிளட் கல்ச்சர் எடுத்தார்களா, ரிப்போர்ட் எப்போது வரும், அதன்படி மருந்தைக் குறைப்பார்களா என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

• பச்சிளம் குழந்தை என்றால் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். குறைமாதக் குழந்தைக்குத் தொற்றிலிருந்து பாதுகாப்புத் தருவதில் தாய்ப்பாலுக்கு ஈடில்லை. சொந்தப் பால் இல்லையென்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

• எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு பராமரிப்பை எப்போது தொடங்கலாம் என்று கேளுங்கள். இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், பிறந்த உடனே இதைத் தொடங்கிய குழந்தைகளிடையே இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது. செப்சிஸ் சந்தேகமும் குறைவாகவே இருந்தது.

நாமும் இதைச் செய்யக் கூடாது

மருத்துவமனையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் கையும் கைதான்.

மோதிரம், வளையல், வாட்ச், மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு உள்ளே போங்கள். செல்போனை வெளியிலேயே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கழுவிய கையால் போனைத் தொட்டால் கழுவியது வீண்.

சளி, இருமல், வயிற்றுப்போக்கு, கையில் புண் இருந்தால் அப்பாவாக இருந்தாலும் பாட்டியாக இருந்தாலும் உள்ளே போகாதீர்கள். "ஊர்லேர்ந்து வந்திருக்காங்க, ஒரு தடவை பாத்துட்டுப் போயிடட்டும்" என்று செக்யூரிட்டியிடம் கெஞ்சாதீர்கள். பக்கத்துப் படுக்கைக் குழந்தை அழுதாலும் தொட்டுத் தூக்காதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

திருநீறு, தீர்த்தம், மந்திரித்த கயிறு, எண்ணெய் எதையும் ஐ.சி.யு.க் குழந்தையின் மேல் வைக்காதீர்கள். வேண்டுதல் உங்கள் மனசில் இருக்கட்டும், திருநீறு உங்கள் நெற்றியில் இருக்கட்டும். லைன் போட்ட கழுத்தருகே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம்.

இந்த அறிகுறி தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்

வார்டுக்கு மாற்றிய பிறகும், வீட்டுக்கு வந்த பிறகும் இந்தத் தொற்று தலைதூக்கலாம். திடீர்க் காய்ச்சல் மட்டும் அறிகுறி இல்லை. பச்சிளம் குழந்தையின் உடம்பு சில்லிட்டுப் போவதும் செப்சிஸாக இருக்கலாம். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, வேகமான மூச்சு, மூச்சு விட்டு விட்டு வருவது, தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாகத் தெரிவது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். "குழந்தை எப்பவும் போல இல்ல" என்று ஒரு தாய்க்குத் தோன்றினால் அதுவே போதுமான காரணம்.

செப்சிஸ் முற்றி அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது 2020-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். வீட்டில் இருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். போன தடவை என்ன கிருமி, என்ன மருந்து என்பது டாக்டருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிய வேண்டும்.

மருந்தே கைவிட்டால்?

கடைசி அஸ்திரமாக வைத்திருந்த மெரோபெனம் போன்ற கார்பபெனம் வகை மருந்துகளே இன்று பல ஐ.சி.யு.க்களில் வேலை செய்வதில்லை. அந்த மருந்துகளை உடைத்தெறியும் என்.டி.எம்-1 என்ற நொதி பாக்டீரியாக்களில் பரவி வருவதை 2010-ல் லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழ் வெளியிட்டது. ஆய்வுக்கான கிருமிகள் எடுக்கப்பட்ட ஊர்களில் சென்னையும் ஒன்று. 2012-ல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி மருந்து எதிர்ப்புக்கு எதிராக அறிவித்த திட்டத்துக்கும் 'சென்னைப் பிரகடனம்' என்றுதான் பெயர். இது எங்கோ நடக்கும் விஷயம் என்று நாம் சொல்ல முடியாது.

கார்பபெனமும் தோற்றால் டாக்டர்கள் எடுப்பது பெரும்பாலும் கொலிஸ்டின். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய பழைய மருந்து. அதுவும் தோற்றால் கையில் மிச்சம் இருப்பது மிகக் குறைவு.

ஆகவே சாதாரணச் சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 'எச்1' அட்டவணை விதி 2014 முதலே அமலில் இருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு "ஸ்ட்ராங்கா ஒரு மருந்து எழுதுங்க டாக்டர்" என்று நச்சரிக்காதீர்கள். தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு கோர்ஸும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக இடம் கொடுக்கிறது.

மருத்துவமனைகளுக்கும் அரசுக்கும்

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். நான்கைந்து குழந்தைகளை ஒருவர் தலையில் கட்டினால், ஒவ்வொரு தடவையும் கை சுத்தம் செய்ய அவருக்கு நேரம் ஏது? அந்த நர்ஸைக் குற்றம் சாட்டுவது அநியாயம். ஆள் போடாத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலருகிலும் சானிடைசர் பாட்டில் காலியாகாமல் இருப்பதும், ஒரு வார்மரில் ஒரு குழந்தைதான் என்பதும் ஆடம்பரமல்ல. அடிப்படை.

எத்தனை குழந்தைகளுக்கு லைன் வழியாகத் தொற்று வந்தது என்ற கணக்கை ஒவ்வொரு ஐ.சி.யு.வும் எழுத வேண்டும். மறைக்காமல் வெளியிடவும் வேண்டும். பள்ளியில் சேர்க்கும் முன் ரிசல்ட் பார்க்கிறோம். குழந்தையின் உயிரை ஒப்படைக்கும் இடத்தின் ரிசல்ட்டைப் பார்க்க நமக்கு உரிமை இல்லையா?

அதுவெல்லாம் வரும்வரை நாம் கைகட்டி நிற்க முடியாது. உங்கள் சொந்தத்திலோ தெருவிலோ யார் வீட்டுக் குழந்தையாவது இப்போது ஐ.சி.யு.வில் இருந்தால், அவர்களுக்கு இன்றே போன் போடுங்கள். கை சுத்தமா, குழாய் இன்னும் தேவையா என்ற இரண்டு கேள்விகளையும் சொல்லிக் கொடுங்கள். நாளைக் காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் அவர்கள் கேட்கட்டும். சிடுசிடுத்தால் மறுபடி கேட்கட்டும். பதில் வரும்வரை கேட்கட்டும்.